மிளகாய் வேருக்கு எத்தனை லிட்டர்?

எங்கள் வீட்டில் புளிமிளகாய் வைத்தால் ஒரு வாரத்துக்கு இட்லிக்கும் தோசைக்கும் தயிர்ச்சோற்றுக்கும் அதுதான். காம்பை லேசாகக் கிள்ளி, நடுவில் கீறி, நல்லெண்ணெயில் வதக்கி, புளிக்கரைசல் விட்டு, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை சுண்டவைத்து, இறக்கும்போது வெல்லம் ஒரு துண்டு. அதற்குக் கால் கிலோ பச்சை மிளகாய் வேண்டும். எண்ணிப் பார்த்தால் எழுபது எண்பது காய். அவ்வளவும் ஒரே நாளில், இளசாக, ஏறக்குறைய ஒரே நீளத்தில் வேண்டும். இன்றைக்கு ஐந்து, நாளைக்கழித்து ஏழு என்று பறித்துச் சேர்த்தால் முதலில் பறித்தது சுருங்கிப்போகும்.

பாளையங்கோட்டை வீட்டுத் தட்டட்டியில் (மொட்டைமாடியில்) நான் மிளகாய் வளர்க்கத் தொடங்கியது 2021-இல். சொந்தச் செடியில் ஒரே பறிப்பாகக் கால் கிலோ எடுத்துப் புளிமிளகாய் வைத்தது 2024-இல். இடையில் விதையை மாற்றினேன். மண்புழு உரம் கூட்டினேன், வேப்பம்புண்ணாக்கு போட்டேன், பஞ்சகவ்யம் தெளித்தேன். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உதவின. காய்ப்பை அடியோடு மாற்றியது தொட்டியின் அளவு. அதைப் பற்றி மட்டும்தான் இந்தப் பதிவு. மாடித்தோட்டம் போட்டவர்களிடம் பேசும்போது எல்லோரும் என்ன உரம், என்ன பூச்சிமருந்து என்றுதான் கேட்கிறார்கள். தொட்டியைக் கேட்பவர்கள் குறைவு, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வருடம் நான் வாங்கியது 8 இன்ச் பிளாஸ்டிக் தொட்டி பன்னிரண்டு. விலை தோதாக இருந்தது, சுவரோரம் வரிசையாக வைக்கவும் அழகாக இருந்தது. நாற்று நட்டு ஒரு மாதம்வரை ஒரு குறையும் இல்லை. நன்றாகத் துளிர்த்து, கிளைத்து, முழங்கால் உயரம் வந்து, பூக்க ஆரம்பித்தது. அப்போது ஆனி பிறந்தது.

நெல்லையப்பர் கோயில் தேரோட்டம் நடக்கும் ஆனியில் இங்கே காற்று எப்படி அடிக்கும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் மழை கொட்டும். குற்றாலத்தில் சாரல் விழும். மலை தாண்டி திருநெல்வேலிக்கு வரும்போது ஈரம் குறைந்து வெறும் காற்றுதான் மிஞ்சும். கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் அந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. துவைத்துப் போட்ட போர்வை அரை மணி நேரத்தில் காயும். அதே காற்று மிளகாய் இலையிலிருந்தும் தொட்டி மண்ணிலிருந்தும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகும்.

காலை ஏழு மணிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். மத்தியானம் ஒரு மணிக்குப் பார்த்தால் பன்னிரண்டு செடியும் தலை தொங்கி நிற்கும். ஓடிப்போய் ஊற்றினால் சாயங்காலம் நிமிர்ந்துவிடும். ஆனால் மறுநாள் தரை முழுக்கப் பூ உதிர்ந்து கிடக்கும். நின்ற பூக்களில் காய் பிடித்தாலும் பாதி கோணல்மாணலாக வந்தது. நான் வேலைக்குப் போகிறவள். மத்தியானம் வந்து ஊற்ற என்னால் முடியாது.

ஆச்சி ஒருநாள் தட்டட்டிக்கு ஏறி வந்தாள். அவள் பிறந்த ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல்காடு. சின்ன வயதில் வத்தல் மிளகாய்க் காட்டில் களை எடுத்தவள். ஒரு செடியின் தூரைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏளா, இது வத்தச்செடிளா. காட்டுல வேரு முழங்கை ஆழம் போவும். இம்புட்டூண்டு சட்டிக்குள்ள எங்கன போவும்?"

அவர்கள் காட்டில் மிளகாய்க்கு நாற்று விடுவதில்லை. மானாவாரி. மழையை எதிர்பார்த்து விதையை நேராகவே விதைப்பார்கள். ஆணிவேர் அறுபடாமல் கீழே இறங்கும். மேல்மண் வெடித்துக் கிடந்தாலும் அடியில் கரிசல் பிடித்துவைத்திருக்கும் ஈரத்தை எட்டிப் பிடிக்கும். மிளகாய் வறட்சி தாங்கும் செடி என்று நாம் சொல்வது அந்த வேரின் தயவால்தான். நாற்றாகப் பிடுங்கி நடும்போது ஆணிவேர் முனை அறுந்துபோகிறது. பக்கவேர்கள்தான் கூடுதலாகப் பரவும். தொட்டியில் அந்தப் பக்கவேருக்கும் எல்லை உண்டு. ஆக, காட்டில் வறட்சி தாங்கும் அதே செடி தொட்டியில் தாங்காது. இதை நான் புரிந்துகொள்ள ஒரு வருடப் பூவை உதிரக் கொடுத்தேன்.

அன்று இரவு ஒரு கணக்குப் போட்டேன். வயலில் ரகச் செடிகளுக்கு (வீரிய ஒட்டு அல்லாதவற்றுக்கு) வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் இடைவெளி 60-க்கு 45 சென்டிமீட்டர். வேர் பெரும்பாலும் படரும் மேல்மண் ஒரு 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு செடிக்குக் கிடைக்கும் மண் 60 × 45 × 30. அதாவது 81 லிட்டர். அதற்குக் கீழேயும் நிலம் இருக்கிறது, அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. என் 8 இன்ச் தொட்டி எவ்வளவு பிடிக்கும்? உள்ளே ஒரு பாலித்தீன் பையை விரித்து, லிட்டர் கப்பால் தண்ணீர் ஊற்றி அளந்தேன். விளிம்புவரை ஐந்து லிட்டர். தண்ணீர் ஊற்ற மேலே விட வேண்டிய இடம் போக மண்ணுக்கு நாலரை. வயலில் 81, என் தொட்டியில் நாலரை.

வீட்டில் கொக்கி மாட்டித் தூக்கும் டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தது. அடுத்த ஆனியில் அதைத் தட்டட்டிக்குக் கொண்டுபோனேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதனால் தொட்டியை நிறுத்துப் பார்த்தாலே செடி எவ்வளவு குடித்தது, காற்று எவ்வளவு குடித்தது என்று சேர்த்துத் தெரிந்துவிடும். 8 இன்ச் தொட்டியைக் கட்டைப்பைக்குள் வைத்து மாட்டினேன். காலையில் தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு 4.9 கிலோ. ஒரு மணிக்கு 4.2. ஆறு மணிக்கு 3.8. ஒரு பகலில் ஒரு லிட்டருக்கு மேல் போய்விட்டது. நாலரை லிட்டர் கலவை, வடிந்தபின் பிடித்து வைத்திருப்பதே ஒன்றரை லிட்டர் சுமாருக்குத்தான். அதிலும் கடைசிப் பங்கை வேரால் இழுக்க முடியாது. அப்படிப் பார்த்தால் மத்தியானத்துக்கு மேல் செடிக்குக் குடிக்க ஒன்றும் இல்லை.

பக்கத்தில் சோதனையாக ஒரு செடியை 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் வைத்திருந்தேன். அது பெரிய செடி, அதனால் கூடுதலாகவே குடித்தது. ஒரு பகலில் 1.4 கிலோ. ஆனால் அந்த வாளியில் ஆறு லிட்டருக்கு மேல் ஈரம் இருந்தது. மறுநாள் ஊற்ற மறந்தாலும் அது வாடவில்லை. பூவும் உதிரவில்லை.

அதற்குப் பிறகு நான் தொட்டியைச் செடியின் உயரத்துக்கு ஏற்றாற்போல் பார்ப்பதை விட்டுவிட்டேன். எனக்குத் தொட்டி என்பது ஒரு குட்டிக் குளம். அதில் எத்தனை மணி நேரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்பதுதான் கேள்வி. காலையில் ஊற்றிவிட்டு வேலைக்குப் போய் ராத்திரி வருகிறவருக்கும், வீட்டிலேயே இருந்து இரண்டு வேளை ஊற்றுகிறவருக்கும் ஒரே அளவுத் தொட்டி சரிப்படாது. வெயிலும் காற்றும் மிதமான ஓர் ஊரில் 8 இன்ச்சில் நன்றாகக் காய்க்கும் செடி, மேற்குப் பார்த்த திருநெல்வேலித் தட்டட்டியில் ஆடி முடிவதற்குள் காய்ந்துபோகும். வேறு ஊர்க்காரர்களின் வீடியோவைப் பார்த்து அளவு முடிவு செய்ய வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கே கடைக்காரர்களின் அளவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொட்டியை இன்ச்சில் விற்கிறார்கள். 8 இன்ச், 10 இன்ச், 12 இன்ச் என்று கேட்கும்போது இரண்டு இரண்டாகக் கூடுவது போலத்தான் தோன்றும். கொள்ளளவு அப்படிக் கூடாது. அகலமும் உயரமும் சேர்ந்து கூடுவதால், 8 இன்ச்சிலிருந்து 10 இன்ச்சுக்குப் போனாலே மண் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். 12 இன்ச் என்றால் மூன்று மடங்குக்கு மேல். நான் அளந்த 12 இன்ச் தொட்டி, அடி சற்றுக் குறுகியது, 16 லிட்டர் பிடித்தது. விலையில் இருக்கும் வித்தியாசம் அந்த அளவுக்கு இல்லை. எட்டு இன்ச்சில் ஆறு வாங்குவதைவிடப் பன்னிரண்டு இன்ச்சில் இரண்டு வாங்குங்கள். காய் அதில்தான் அதிகம் வரும், ஊற்றும் வேலையும் குறையும்.

வளர்ப்புப் பை வாங்கும்போது இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 12-க்கு 12 என்றால் அந்த முதல் 12 விட்டமா, மடித்து வைத்த பையின் அகலமா? அடி வட்டமாகத் தைத்த பச்சை நிறப் பைகளில் பெரும்பாலும் விட்டத்தைத்தான் சொல்வார்கள். நாற்றங்கால் கறுப்புப் பாலித்தீன் பைகளில் மடித்த அகலத்தைச் சொல்வது வழக்கம். 12 இன்ச் அகலம் மடித்த பையை விரித்தால் சுற்றளவு 24. விட்டம் ஏழரை இன்ச் சொச்சம்தான் தேறும். ஒரு தடவை படத்தைப் பார்த்துத் தபாலில் வரவழைத்து, பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தக் கணக்கு தெரிந்தது.

பை இன்னொரு வகையிலும் குறையும். தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் சேர்த்த கலவை நாள்பட அமிழும். விளிம்புக்கு இரண்டு இன்ச் கீழே நிரப்பினால் நாலு மாதத்தில் அது ஐந்து இன்ச் கீழே நிற்கும். 15 இன்ச் பை என்று வாங்கியதில் வேருக்குக் கிடைப்பது பத்து இன்ச்தான். நான் இப்போது நிரப்பும்போதே நன்றாகத் தண்ணீர் விட்டு, ஒரு வாரம் வெயிலில் போட்டு, அமிழ்ந்த பிறகு மறுபடி நிரப்பித்தான் நாற்று நடுகிறேன்.

அகலம் முக்கியமா, உயரம் முக்கியமா? இரண்டும்தான். ஆனால் உயரத்துக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை முழுக்க நனைத்து, படுக்கை வாட்டத்தில் பிடித்துப் பாருங்கள். சொட்டிச் சொட்டி நின்றுவிடும். இனி வடியாது என்று தோன்றும்போது அதையே நட்டக்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் தண்ணீர் வடியும். அதே ஸ்பாஞ்ச், அதே தண்ணீர். உயரம் கூடினதும் வடிகிறது. தொட்டி மண்ணும் அப்படியே. எந்தத் தொட்டியிலும் அடியில் ஒரு பட்டை மண் வடியாமல் சொதசொதவென்றே நிற்கும். அந்தப் பட்டையின் கனம் மண்கலவையைப் பொறுத்தது, தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது இல்லை. தட்டையான தொட்டியில் அது பாதி மண்ணை விழுங்கிவிடும். உயரமான தொட்டியில் அதற்கு மேலே வேருக்குக் காற்றோட்டமான இடம் நிறைய மிஞ்சும். மிளகாய் வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். அதனால் 10 இன்ச்சுக்குக் குறைந்த ஆழத்தில் மிளகாய் வைக்காதீர்கள். கீரைக்கு வாங்கிய ஆறு இன்ச் ஆழத் தட்டுகள் எவ்வளவு அகலமாக இருந்தாலும் மிளகாய்க்கு ஆகாது.

அடியில் இரண்டு இன்ச் சல்லி போடுங்கள், ஓட்டாஞ்சில்லு போடுங்கள், தண்ணீர் நன்றாக வடியும் என்று சொல்வார்கள். நானும் போட்டேன். அந்த ஸ்பாஞ்சை நினைத்துப் பார்த்தால் இது ஏன் உதவாது என்று தெரியும். சல்லிக்கு மேலே இருக்கும் மண் தன் ஈரத்தைச் சல்லிக்குள் எளிதில் விடாது. சொதசொதப்புப் பட்டை அப்படியே இரண்டு இன்ச் மேலே ஏறி நிற்கும். வேருக்கு இருந்த ஆழம்தான் குறையும். துவாரத்தை அடைக்காமல் மண்ணைப் பிடித்துவைக்க ஒரே ஒரு சில்லு, அல்லது ஒரு பிடி கதம்பை நார் (தேங்காய் மட்டை நார்) போதும். துவாரங்கள் நிறைய இருக்க வேண்டும். பெயிண்ட் வாளிக்கு அடியில் எட்டுத் துளையும், அடியிலிருந்து ஓர் இன்ச் உயரத்தில் பக்கவாட்டில் நாலு துளையும் நான் போடுகிறேன். பக்கத்துளை எதற்கென்றால், தளத்தோடு ஒட்டி அடைபட்டுப்போனாலும் தண்ணீருக்கு ஒரு வழி இருக்கும்.

2023 டிசம்பரில் அந்த வழியின் அருமை தெரிந்தது. 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரைமீறித் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் வெள்ளம். ஊரே தவித்த நாட்களில் தட்டட்டிச் செடிகளைப் பார்க்க யாருக்கும் மனசில்லை. மூன்றாம் நாள் மேலே போனேன். தளம் கறைபடக் கூடாது என்று சில தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைத்திருந்தேன். தட்டு நிரம்பி, தொட்டி தண்ணீரிலேயே நின்றிருக்கிறது. அந்த ஐந்து செடியும் ஒரு வாரத்தில் பச்சையாகவே வாடின. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக, தோல் உரிந்து வந்தது. செங்கல் மேல் ஏற்றி வைத்த வாளிகள் எல்லாம் பிழைத்தன. அன்றிலிருந்து என் தட்டட்டியில் தட்டு கிடையாது. எல்லாத் தொட்டியும் இரண்டு செங்கல் மேல்தான்.

இனி ரகத்துக்கு ரகம் எனக்குப் படிந்த அளவுகள். நீளமான சம்பா மிளகாய், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து கே-1 போன்றவை இந்த வெயிலுக்குப் பழகியவை. அவற்றுக்கு 12 இன்ச் தொட்டி அல்லது 15 முதல் 20 லிட்டர் வாளி, ஒன்றுக்கு ஒரு செடி. இடம் இருக்கிறதே என்று இரண்டு நட்டால் இரண்டும் ஒரே குளத்தில்தான் குடிக்கின்றன. காய் இரட்டிப்பாகாது. குண்டு மிளகாய், 2023-இல் ராமநாதபுரம் முண்டு என்று புவிசார் குறியீடு வாங்கியதே அதே வகை, உயரம் போகாமல் படர்ந்து கிளைக்கும். அதற்கு உயரத்தைவிட வாய் அகலம் உதவுகிறது. 14 இன்ச் வாய், 11 இன்ச் ஆழம் இருக்கும் தொட்டியில் எனக்கு நன்றாக வந்தது.

காந்தாரி மிளகாயின் கதை வேறு. அது ஒரு போகத்துச் செடி இல்லை. நன்றாக வைத்துக்கொண்டால் மூன்று நாலு வருடம் நிற்கும், இடுப்பு உயரப் புதராகும். அதற்கு 12 இன்ச் தொட்டி முதல் வருடத்துக்குச் சரி. அடுத்த வருடம் இலை வெளிறி, காய் சிறுத்துப்போகும். உரக்குறை என்று நினைத்து நான் மேலே மேலே உரம் போட்டேன். கடைசியில் செடியைக் கவிழ்த்து வெளியே எடுத்துப் பார்த்தால் மண்ணே தெரியவில்லை. நூல்கண்டு சுற்றியதுபோலத் தொட்டியின் வடிவத்திலேயே வேர் சுற்றிக் கிடந்தது. ஊற்றிய தண்ணீர் எல்லாம் வேர்க்கட்டிக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே இறங்கி ஓடியிருக்கிறது. வேர்க்கட்டியின் பக்கவாட்டில் நாலு இடத்தில் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறி, அடியில் ஒரு இன்ச்சை வெட்டி, 15 இன்ச் பைக்கு மாற்றினேன். இருபது நாளில் புதுத் துளிர் வந்தது. இப்போது காந்தாரியை எடுத்தவுடனே 30 லிட்டருக்குக் குறையாத இடத்தில்தான் வைக்கிறேன், அதுவும் மத்தியான வெயில் படாத கிழக்குச் சுவரோரம்.

குடமிளகாய் இங்கே கடினம். சூடு கூடினால் பூ நிற்காது. புரட்டாசியில் விதைத்துக் குளிர்மாதங்களில் காய்க்க வைத்தால் உண்டு. அதற்குப் பெரிய தொட்டி கட்டாயம். ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் நனைந்து என்று ஈரம் ஏறி இறங்கினால், காயின் நுனிக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராமல் அடிப்பக்கம் கறுத்து அழுகும். சத்து மண்ணில் இருக்கும். அதைக் கொண்டுபோகும் தண்ணீர்தான் தவறிப்போயிருக்கும். சிறிய தொட்டியில் முட்டை ஓடு எவ்வளவு பொடித்துப் போட்டாலும் இது நிற்காது. நான் போட்டுப் பார்த்தவள்.

அழகுக்கு வைக்கும் சின்ன வண்ண மிளகாய்களுக்கு மட்டும் 8 இன்ச் போதும். என் பழைய தொட்டிகளில் இப்போது அவைதான் நிற்கின்றன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இலை சுருண்டால் அதற்குத் தொட்டியைக் குற்றம் சொல்ல வேண்டாம். மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் குடை போல மடங்கினால் மஞ்சள் சிலந்தி. அது வேறு வைத்தியம். ஆனால் தண்ணீர்த் தாகத்தில் தவித்த செடியில் இரண்டும் சீக்கிரம் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

தொட்டி எதனால் ஆனது என்பதும் அளவோடு சேர்ந்த விஷயம். மண்தொட்டியின் சுவர் வழியே தண்ணீர் கசிந்து ஆவியாகும். பானைத் தண்ணீர் குளிர்வது போலவே வேரும் குளிரும். மே மாத வெயிலில் இது பெரிய வரம். ஆனால் அந்தக் குளிர்ச்சிக்குச் செலவாவதும் செடிக்கு ஊற்றிய தண்ணீர்தான். அதனால் பிளாஸ்டிக்கில் 12 இன்ச் போதும் என்றால் மண்தொட்டியில் 14 எடுங்கள். எங்கள் தெருவில் போர்த் தண்ணீர் உப்பு. மண்தொட்டிச் சுவரில் வெள்ளையாகப் பூத்து நிற்பது அந்த உப்புதான். அது வெளியே வருவது நல்லதே. உள்ளே தங்கினால் இலை ஓரம் கருகும். வாரத்துக்கு ஒரு தடவை அடித்துளை வழியே தாராளமாக ஓடும்வரை ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றி அலசுகிறேன். சிறிய தொட்டியில் உப்பு வேகமாகச் சேரும். பெரியதில் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

கறுப்புப் பிளாஸ்டிக் வெயிலில் கொதிக்கும். மேற்கு வெயில் படும் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள், உள்ளே அந்தச் சுவரை ஒட்டிய வேர் வெந்துதான் போயிருக்கும். சுண்ணாம்பு அடித்தாலும் சரி, பழைய சாக்கைச் சுற்றினாலும் சரி, குறையும். நான் தொட்டிகளை நெருக்கிக் கூட்டமாக வைத்து, மேற்கு ஓரத்தில் வெறும் மண் நிரப்பிய இரண்டு வாளிகளை மறைப்பாக நிறுத்தியிருக்கிறேன். அவற்றில் இப்போது துளசி வந்துவிட்டது.

பெரிது பெரிது என்று சொல்லிக்கொண்டே போகிறேன். அதற்கும் ஓர் எல்லை உண்டு, இரண்டு காரணத்தால். ஒன்று பாரம். வெறும் தோட்டத்து மண்ணை 20 லிட்டர் வாளியில் நிரப்பி நனைத்தால் முப்பது கிலோவைத் தாண்டும். செம்மண் ஒரு பங்கு, அலசிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு என்று கலந்தால் பதினெட்டு இருபதுக்குள் நிற்கும். பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல் சுவர், உத்திரம் வரும் ஓரங்களில் வைப்பது நல்லது. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கரிசல் மண்ணைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். காட்டில் அது பொன். தொட்டியில் நனைந்தால் களியாகும், காய்ந்தால் சுவரை விட்டுப் பிளந்துவிடும்.

இன்னொரு காரணம் நாற்று. நாலு இலை நாற்றை எடுத்துக் கொண்டுபோய் 20 லிட்டர் ஈர மண்ணின் நடுவில் வைத்தால், அதன் வேர் குடிப்பது ஒரு டம்ளர். மிச்ச ஈரம் அப்படியே நாட்கணக்கில் நின்று புளிக்கும். தை, மாசியில் நட்டால் காற்றும் வெயிலும் அந்த ஈரத்தை இழுத்துவிடும், அதனால் நாற்று விட்ட கப்பிலிருந்து நேராகப் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். புரட்டாசி, ஐப்பசியில் நட்டால் அப்படிச் செய்யாதீர்கள். மழை மேல் மழை விழும். கப்பிலிருந்து 5 இன்ச் தொட்டிக்கு, அங்கே மூன்று வாரம், வேர் வெள்ளை வெளேரென்று ஓரத்தைத் தொட்டதும் பெரியதற்கு. இந்த இடைத்தொட்டியைப் பருவம் பார்த்து வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது, எனக்கு நாற்றுச்சாவைப் பாதிக்கு மேல் குறைத்திருக்கிறது.

2024-இல் கால் கிலோ வந்தது ஆறு வாளிச் செடிகளிலிருந்து. முந்தைய வருடங்களில் பன்னிரண்டு செடி கொடுக்காததை ஆறு செடி கொடுத்தது. ஆச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மிளகாயைத் தொட்டுக்கொண்டு இரண்டு இட்லி சாப்பிட்டாள். "உறைப்பு நிக்கி. வேரு எறங்கிருக்குளா" என்றாள்.

இந்த வருடம் வாளிகளில் நாலு வெயிலில் நொறுங்கிப்போயின. பெயிண்ட் வாளிக்கு ஆயுள் அவ்வளவுதான். அதற்குப் பதில் மண்தொட்டி வாங்கலாம் என்று போன வாரம் காருக்குறிச்சிக்குப் போனேன். மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். ஒரு வீட்டு வாசலில் பொங்கல் பானைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நான் தாளில் எழுதிக்கொண்டு போன அளவை அங்கிருந்த பெரியவரிடம் காட்டினேன். வாய் 14, உயரம் 14, அடி 9.

"அண்ணாச்சி, இந்த அளவுல ஆறு தொட்டி வேணும். மிளகாய் வைக்க."

தாளைப் பார்த்தார். பிறகு கையை விரித்துக் காற்றில் ஒரு தொட்டியைப் பிடித்துக் காட்டினார். "அடி ஒம்போது பத்தாதும்மா. ஆனி ஆடிக் காத்துல செடியோட சாஞ்சிரும். அடியப் பதினொண்ணு வச்சுக்கிடுங்க. ஒயரம் பன்னெண்டு போதும், மண்ணு கொறையாது."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்ன வடிவத்தில் மண் ஒரு லிட்டர்கூடக் குறையவில்லை. அடித்துளை மூன்று வேண்டும் என்றதற்கு, "பச்சையா இருக்கும்போதே போட்டுருதேன். சுட்ட பொறவு தொளச்சா விரிசல் விடும்" என்றார். ஆனால் உடனே கிடைக்காது. சக்கரம் முழுக்கப் பொங்கல் பானைதான் ஓடுகிறது. "தை பொறந்து பத்து நாளு கழிச்சு வாங்க, சுட்டு எடுத்து வைக்கேன்."

மிளகாய் நாற்று நடவுக்குத் தயாராக நாற்பது நாள் ஆகும். நேற்று மார்கழி மூன்று. கே-1 விதையை இருபது பேப்பர் கப்பில் போட்டு, கிழக்குச் சுவரோரம் வைத்திருக்கிறேன்.